ஒரு டப்பா, நாலு உடம்பு: வீட்டுக்கு வைட்டமின் வாங்கும் முன்

2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் பத்து மாநிலங்களில் 201 பேருக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான தொல்லை வந்தது. வயிற்றுப்போக்கு, அசதி, மூட்டுவலி. அப்புறம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, நகங்கள் நிறம் மாறி உடைந்தன. எல்லாரும் குடித்தது ஒரே சத்துத் திரவம். ஒரு வேளைக்கு 200 மைக்ரோகிராம் செலினியம் (ஒரு தாதுச்சத்து) என்று அதன் லேபிள் சொன்னது. சோதனைச்சாலையில் பார்த்தால் 40,800 மைக்ரோகிராம். பெரியவர் ஒருவர் ஒரு நாளில் தாண்டக்கூடாத அளவே 400தான். யாரும் வேண்டுமென்று நஞ்சு வைக்கவில்லை. கலவையில் நேர்ந்த பிழை. அந்தப் பிழை ஆலையை விட்டுக் கிளம்பி, கடையைத் தாண்டி, வீட்டுக்குள் வந்து, வயிற்றுக்குள் இறங்கும்வரை வழியில் அதைப் பிடிக்க யாருமே நிற்கவில்லை.

இது அபூர்வமான விபத்துதான். சத்து மாத்திரை சாப்பிடுகிற எல்லாருக்கும் முடி கொட்டப்போவதில்லை. ஆனால் கடையில் டப்பாவைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வியை இந்தச் சம்பவம் காட்டிக்கொடுக்கிறது. லேபிளில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று யார் பார்த்தார்கள்?

மருந்து என்றால் இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் உண்டு. விற்பனைக்கு வரும் முன்பே அது வேலை செய்யும், ஆபத்து இல்லை என்று அரசு அமைப்பிடம் நிரூபித்தாக வேண்டும். சத்து மாத்திரையோ உருவத்தில் மருந்து, சட்டத்தின் கண்ணில் பல நாடுகளில் உணவு. அமெரிக்காவில் 1994இல் வந்த சட்டத்தின்படி, தன் பொருள் பாதுகாப்பானது என்று உறுதி செய்யும் பொறுப்பு தயாரிப்பவருடையது. விற்கும் முன், உணவையும் மருந்தையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.யிடம் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. கெடுதல் தெரிந்த பிறகுதான் அந்த அமைப்பு உள்ளே வரும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இவை உணவுச் சட்டத்துக்குள்தான் வருகின்றன. கனடா வேறு வழியில் போனது. அங்கே 2004 முதல் இத்தகைய பொருள்களுக்கு விற்பனைக்கு முன்பே உரிமம் தேவை, டப்பாவில் எட்டு இலக்க எண் இருக்க வேண்டும். ஆக, ஒரே மாத்திரையை ஒரு நாட்டில் யாரோ முன்கூட்டிப் பார்த்திருப்பார்கள், இன்னொரு நாட்டில் தயாரித்தவரைத் தவிர வேறு யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

இதனால் நேரும் விளைவை 2013இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. கடைகளில் கிடைத்த வைட்டமின் டி மாத்திரைகளை வாங்கிச் சோதித்தார்கள். சிலவற்றில் லேபிளில் சொன்னதில் 9 சதவீதம்தான் இருந்தது, சிலவற்றில் 146 சதவீதம். ஒரே பாட்டிலுக்குள்ளேயே மாத்திரைக்கு மாத்திரை அளவு மாறியது.

சரி, இந்த இடைவெளியில் யாராவது நிற்கிறார்களா? நிற்கிறார்கள், ஆனால் கட்டாயத்தால் அல்ல. யு.எஸ்.பி. என்ற அமைப்பு 1820இல் தொடங்கியது. மருந்துகளுக்கான தர அளவுகோல்களை எழுதுவதுதான் அதன் வேலை. என்.எஸ்.எஃப். என்பது இன்னொன்று. தயாரிப்பாளர் விரும்பிப் போய்ப் பணம் கட்டினால் இவர்கள் ஆலையைப் பார்ப்பார்கள், மாத்திரையைச் சோதிப்பார்கள். சொன்ன பொருள்தானா, சொன்ன அளவுதானா, ஈயம் பாதரசம் போன்ற கன உலோகங்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா, கிருமி உண்டா, மாத்திரை வயிற்றில் உரிய நேரத்துக்குள் கரைகிறதா என்று பார்த்துத் தேறினால் முத்திரை. கரைகிறதா என்ற சோதனை பலருக்கும் தோன்றாத ஒன்று. கெட்டியாக அழுத்திய மாத்திரை கரையாமலே உடம்பை விட்டுப் போய்விட்டால், லேபிளில் எத்தனை மில்லிகிராம் எழுதியிருந்து என்ன பயன்?

முத்திரை சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. அந்த மாத்திரை உங்களுக்கு ஏதாவது நன்மை செய்யுமா என்று அது சொல்லாது. உங்களுக்கு அது தேவையா என்றும் சொல்லாது. அப்புறம், முத்திரையின் படத்தை யார் வேண்டுமானாலும் திருட்டுத்தனமாக அச்சிட்டுவிட முடியும். முத்திரை தரும் அமைப்பின் இணையதளத்தில் தேறிய பொருள்களின் பட்டியல் இருக்கும். அதில் பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

மற்ற வாசகங்களில் பெரும்பாலானவை வெறும் அலங்காரம். ‘ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது’ என்றால் எந்த ஆய்வகம், எதற்காகச் சோதித்தது? ‘மருத்துவர்கள் பரிந்துரைப்பது’ என்றால் எத்தனை மருத்துவர்கள்? ‘எஃப்.டி.ஏ.யில் பதிவு பெற்ற ஆலை’ என்பது இவற்றில் கெட்டிக்காரத்தனமான வாசகம். ஆலை தன் முகவரியைப் பதிவு செய்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே செய்யும் மாத்திரைக்கு யாரும் ஒப்புதல் தந்ததாகப் பொருள் இல்லை. ஜி.எம்.பி. என்ற மூன்றெழுத்து கொஞ்சம் மேல். முறையான தயாரிப்பு நடைமுறைகளைக் கடைப்பிடிப்பதாக அது சொல்கிறது. ஆனாலும் அது ஆலையின் ஒழுங்கைப் பற்றிய பேச்சு, உங்கள் கையிலுள்ள பாட்டிலைப் பற்றியது அல்ல. அந்தப் பாட்டிலைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அதன் தொகுதி எண்ணை (பேட்ச் நம்பர்) சொல்லிப் பகுப்பாய்வுச் சான்றைக் கேளுங்கள். நேர்மையான நிறுவனம் தரும். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2007 முதல் 2016 வரை எஃப்.டி.ஏ. கண்டுபிடித்த கலப்படச் சத்துப் பொருள்கள் 776. லேபிளில் சொல்லாமல் உண்மையான மருந்தையே உள்ளே கலந்து விற்றவை அவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை மூன்றே வகை: ஆண்மைக்கு, எடை குறைப்புக்கு, தசை வளர்ப்புக்கு. சாதாரண வைட்டமின் மாத்திரையில் இந்த வகை மோசடி குறைவு, காரணம் எளிது. வைட்டமின் சாப்பிட்டவர் மறுநாளே எதையும் உணர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. ‘ஒரே வாரத்தில் தெரியும்’ என்று சொல்லி விற்பவருக்குத்தான் உள்ளே எதையாவது போட்டு அதைத் தெரிய வைக்கும் கட்டாயம். சத்துப் பொருள் எவ்வளவு வேகமாக வேலை செய்வதாகச் சொல்கிறதோ அவ்வளவு தூரம் தள்ளி நிற்பது நல்லது.

பாட்டில் நம்பகமானது என்றே வைத்துக்கொள்வோம். என் கணிப்பில், வீடுகளில் நேரும் கெடுதலில் பெரும் பங்கு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ‘குடும்பத்துக்கு’ என்று ஒரு டப்பா வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வைக்கிறோமே, அந்த எண்ணத்திலேயே கோளாறு இருக்கிறது. குடும்பம் என்ற பெயரில் ஓர் உடம்பு கிடையாது.

இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் வரும் வயதிலுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 18 மில்லிகிராம் தேவை, கர்ப்ப காலத்தில் 27. அவருடைய கணவருக்கு 8 போதும். மாதவிடாய் நின்ற மாமியாருக்கும் 8தான். கூடுதல் இரும்பை வெளியேற்ற உடம்புக்குச் சரியான வழியில்லை. அது சேர்ந்துகொண்டே போகும். மரபணுக் காரணத்தால் இரும்பை அளவுக்கு மேல் உறிஞ்சுகிறவர்களுக்கு அது ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று விற்கும் மாத்திரைகள் பலவற்றில் இரும்பு இல்லாதது இதனால்தான்.

அதே இரும்பு, குழந்தை கைக்கு எட்டினால் விபரீதம். லேபிளில் 325 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட் என்று இருக்கும். அது இரும்பு கலந்த அந்த வேதி உப்பின் எடை. அதில் உடம்புக்குச் சேரக்கூடிய இரும்பு 65 மில்லிகிராம். (கால்சியத்திலும் இதே குழப்பம் உண்டு. கால்சியம் கார்பனேட்டின் எடையில் 40 சதவீதம்தான் கால்சியம், சிட்ரேட் என்றால் 21.) குழந்தையின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் இரும்பு உள்ளே போனால் நச்சு அறிகுறிகள் தொடங்கலாம், 60ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மாத்திரையில் வாந்தி, பத்து மாத்திரையில் உயிருக்கே ஆபத்து. பளபளப்பான வண்ணப் பூச்சோடு மிட்டாய் போலவே இருக்கும் பொருள் இது. அமெரிக்காவில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நச்சால் இறந்ததில் ஒரு காலத்தில் இரும்பு மாத்திரைதான் முதல் காரணமாக இருந்தது. 1997இல் இரும்பு கலந்த மாத்திரைகளின் லேபிளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பல நேரம் இன்னொரு சின்னக் குழந்தையும் இருக்கும் என்பதை யோசித்தால் இதன் தீவிரம் புரியும்.

கைக்குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு தருவது பல நாடுகளில் வழக்கம். தாய்ப்பாலில் அது போதிய அளவு இல்லாததால் நாளுக்கு 400 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு), அதாவது 10 மைக்ரோகிராம். பரிந்துரை சரியானதுதான். சிக்கல் டிராப்பரில் இருக்கிறது. ஒரு நிறுவனம் 400 ஐ.யூ.வை ஒரு மில்லிலிட்டரில் வைக்கும். இன்னொரு நிறுவனம் அதையே ஒரே துளியில் அடைத்துவிடும். முதல் பாட்டிலின் பழக்கத்தில் இரண்டாவது பாட்டிலிலிருந்து ஒரு மில்லிலிட்டர் கொடுத்தால், ஏறத்தாழ முப்பது துளி, 12,000 ஐ.யூ. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நாளுக்கு உச்ச வரம்பு 1,000. இந்தக் குழப்பத்தால்தான் 2010இல் எஃப்.டி.ஏ. பெற்றோருக்கு எச்சரிக்கை விட்டது, 400 ஐ.யூ.வுக்கு மேல் கொள்ளாத டிராப்பரோடு விற்கும்படி தயாரிப்பாளர்களையும் கேட்டுக்கொண்டது. பழைய டிராப்பரைக் கழுவிப் புது பாட்டிலுக்குப் பயன்படுத்துவது சிக்கனம் அல்ல.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ‘கம்மி’ (gummy) என்ற மிட்டாய் மாத்திரை. பேர்தான் கம்மி, உள்ளே இருப்பது கம்மியாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இந்த மெத்தென்ற மிட்டாய் வடிவத்தில் வைட்டமின்கள் சீக்கிரம் சிதைவதால், காலாவதி நாள்வரை லேபிள் கணக்கு பொய்க்காமல் இருக்க, தொடக்கத்திலேயே கூடுதலாகப் போடுவது வழக்கம். தூக்கத்துக்கான மெலடோனின் கம்மிகள் 25ஐ 2023இல் சோதித்தபோது 22இல் லேபிளும் உள்ளடக்கமும் பொருந்தவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை. வைட்டமின் கம்மிகளும் அப்படியே என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் அந்த வடிவத்தைக் கட்டுக்குள் வைப்பது எவ்வளவு கடினம் என்று தெரிகிறது. ஒரு விஷயத்தில் கம்மி பரவாயில்லை: ருசி கெட்டுப்போகும் என்பதால் பலவற்றில் இரும்பு சேர்ப்பதில்லை. ‘மிட்டாய் சாப்பிடுறியா’ என்று சொல்லிக் கொடுக்காமல் இருந்தால் பாதி ஆபத்து போய்விடும்.

குழந்தை பெறத் திட்டமிடும் பெண்ணின் கணக்கு வேறு. வைட்டமின் உலகில் ஆதாரம் மிக உறுதியாக இருக்கும் ஓரிரு இடங்களில் இது ஒன்று: நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய் சரியாக மூடாத குறைபாட்டோடு முன்பு குழந்தை பெற்றவர்களிடம், உயர்ந்த அளவு கொடுத்து நடந்த பிரிட்டிஷ் ஆய்வு 1991இல் வெளியானது. குறைபாடு மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது. கருவின் நரம்புக் குழாய் மூடுவது முதல் நான்கு வாரங்களுக்குள், பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரியாத நேரத்தில். தெரிந்த பிறகு தொடங்கினால் அந்தப் பலன் பெரும்பாலும் கிடைக்காது.

அதே பெண்ணுக்கு வைட்டமின் ஏ எதிரியாகலாம். ரெட்டினால் வடிவத்தில் நாளுக்கு 3,000 மைக்ரோகிராமைத் தாண்டினால் கருவுக்குப் பிறவிக் கோளாறு வரும் ஆபத்து உண்டு. ‘எல்லாருக்கும் நல்லது’ என்று வாங்கிய பல்வைட்டமின் ஒன்று, மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை ஒன்று, சருமத்துக்கு என்று இன்னொன்று. ஒவ்வொன்றும் தனியாக வரம்புக்குள்தான் இருக்கும். கூட்டினால்தான் தாண்டும்.

கூட்டிப் பார்க்க வேண்டிய இன்னொன்று பி6. நீரில் கரையும் வைட்டமின்தானே, மிச்சம் சிறுநீரில் போய்விடும் என்ற நம்பிக்கை 1983லேயே உடைந்தது. அதிக அளவு பி6 சாப்பிட்டு நரம்பு பாதிக்கப்பட்ட ஏழு பேரைப் பற்றி அந்த ஆண்டு மருத்துவ இதழில் வந்தது. ஒரு பெரியவருக்குத் தேவை 1.3 மில்லிகிராம் அளவில்தான். அமெரிக்காவில் உச்ச வரம்பு 100. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் தன் வரம்பை 12ஆகக் குறைத்துவிட்டது. ஒரே மனித உடம்புக்கு இரண்டு வரம்புகள் இருக்கும்போது சிறியதை எடுத்துக்கொள்வதில் நஷ்டம் எதுவும் இல்லை. பல்வைட்டமினிலும் பி காம்ப்ளெக்ஸிலும் இது உண்டு, சில மெக்னீசியம் மாத்திரைகளிலும் சக்தி பானங்களிலும்கூட. கை கால் மரத்துப்போகிறது என்று பி காம்ப்ளெக்ஸ் சாப்பிடத் தொடங்குபவர்கள் பலர். பி6 மிகுந்தால் வரும் அறிகுறியும் அதே மரத்துப்போதல்தான். மேலும் மேலும் சாப்பிட்டுக்கொண்டே இருக்க இதைவிட வேறு பொறி வேண்டாம்.

வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் அவருக்குத் தனி விதி. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று தெரிந்ததும், அதற்குக் காரணம் அவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் என்ற நிறமிதான் என்று நினைத்து அதை மாத்திரையாக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் அதேபோல் நடந்துகொண்டிருந்த ஆய்வை 1996இல் பாதியில் நிறுத்தினார்கள். அங்கே 28 சதவீதம் அதிகம். காய்கறியில் நல்லது செய்தது எதுவோ, அதைத் தனியே பிரித்தெடுத்து அளவைக் கூட்டினால் அது நல்லதாகவே இருக்கும் என்று கட்டாயம் இல்லை. வைட்டமின் ஈயிலும் இதே கதை: 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 400 ஐ.யூ. சாப்பிட்டவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது.

முதியவர்களுக்குத் தேவையும் அதிகம், ஆபத்தும் அதிகம். வயது கூடக் கூட வயிற்றில் அமிலம் குறைவதால் உணவிலிருந்து பி12 பிரிந்து சேர்வது குறைகிறது. சர்க்கரை நோய்க்கு நீண்ட காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் குறையும். மாத்திரையில் இருக்கும் பி12 நன்றாகவே சேரும். விலங்கு உணவு எதையும் தொடாதவர்களுக்கு, எந்த வயதிலும், இது அவசியம். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிற தாத்தாவுக்கு, வைட்டமின் கே கலந்த பல்வைட்டமினைத் திடீரென்று தொடங்கினாலும் நிறுத்தினாலும் மருந்தின் கணக்கு குலையும். தைராய்டு மாத்திரை சாப்பிடும் பாட்டிக்குக் கால்சியத்துக்கும் அதற்கும் நடுவே நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். இத்தனைக்கும் முன்னால் விழுங்க முடிகிறதா என்று பாருங்கள். சத்துப் பொருள்களால் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 23,000 பேர் அவசர சிகிச்சைக்குப் போகிறார்கள் என்று 2015இல் வந்த ஆய்வு சொன்னது. முதியவர்களில் பெரிய பங்கு, மாத்திரை தொண்டையில் சிக்கியதால் போனவர்கள். கட்டைவிரல் நகம் அளவு கால்சியம் மாத்திரையைச் செய்பவர்கள் தாங்களே அதை ஒருமுறை விழுங்கிப் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்த வகைகள் எதிலும் சேராத, நன்றாகச் சாப்பிடும், நடுவயது ஆரோக்கியசாலிக்கு? நேர்மையான பதில்: பெரும்பாலும் வேண்டாம். 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 3,90,124 ஆரோக்கியமான பெரியவர்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தார்கள். தினமும் பல்வைட்டமின் சாப்பிட்டவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. 14,641 ஆண் மருத்துவர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வில் புற்றுநோய் 8 சதவீதம் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. சின்ன நன்மை இருக்கலாம், அதற்காக ஓட வேண்டியதில்லை. வாங்கத்தான் போகிறோம் என்றால், அன்றாடத் தேவையில் 100 சதவீதத்தை ஒட்டியிருப்பதை வாங்குங்கள். 1,000 சதவீதம், 5,000 சதவீதம் என்று போட்டிருப்பது தாராள மனம் அல்ல. பல வைட்டமின்கள் செய்வதற்கு மலிவானவை, அவ்வளவுதான்.

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் இதற்கு நல்ல உதாரணம். நாளுக்கு 30 மைக்ரோகிராம் போதும். டப்பாவில் 5,000, 10,000 என்று இருக்கும். அது உடம்பை நேரடியாகக் கெடுப்பதாகத் தெரியவில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனைகள் சிலவற்றின் வேதியியலில் பயோட்டின் ஒரு கருவியாகவே பயன்படுகிறது. ரத்தத்தில் அது நிறைந்திருந்தால் தைராய்டு முடிவு தப்பாக வரும். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் அளவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். 2017இல் எஃப்.டி.ஏ. இதைப் பற்றி எச்சரித்தபோது, அப்படித் தவறிய ஒரு மரணத்தையும் குறிப்பிட்டது. ‘மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா’ என்று மருத்துவர் கேட்கும்போது ‘இல்லை’ என்றுதான் எல்லாரும் சொல்வோம். முடிக்குச் சாப்பிடுவது மருந்துக் கணக்கில் வருவதில்லையே. அடுத்த முறை போகும்போது வீட்டிலுள்ள எல்லா டப்பாவின் லேபிளையும், முன்பக்கம் அல்ல, பின்பக்கத்தை, போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.